எங்களை, நம்மை

புரசைவாக்கம் தாணா தெருவில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
என் நாற்காலி.
பக்கத்துக்கு இருபது ரூபாய்,
கிரேக்க எழுத்து வந்தால் முப்பது.

பூந்தமல்லி குருமடத்திலிருந்து
பிரதர் சிங்கராயர் கொண்டுவந்த ஆய்வேடு
பைண்டிங்குக்குப் போக ஒன்பது நாள்.
தலைப்பு மூன்று வரி.
சுருக்கிச் சொன்னால்,
அந்த அம்மாவை முதன்முதலில் யார் கூப்பிட்டார்கள்,
எப்போது, எதற்காக.

எங்கள் வீட்டில் மாதா படம் கிடையாது.
வேப்பேரி சபை.
கிறிஸ்துமஸுக்கு நீலத்துணி சுற்றிய பொம்மையாய் வந்து
ஜனவரியில் அட்டைப்பெட்டிக்குத் திரும்புகிறவள்.
அவர் அன்னை மரியா என்று எழுதியதையெல்லாம்
என் விரல் மரியாள் என்றே அடித்தது.
நாற்பத்தோரு இடம்.
பிரதர் கோபிக்கவில்லை.
சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டே
"பரவாயில்ல, அவங்களேதான்" என்றார்.

நான்காம் நாள் எபேசு நகரம் வந்தது.
கடவுளின் தாயா, கிறிஸ்துவின் தாயா என்று
ஆயர்கள் பகலெல்லாம் உள்ளே இருக்க
ஊர்ச்சனம் வெளியே நின்றதாம்.
இருட்டிய பிறகு தீர்ப்பு.
தீவட்டி பிடித்து அவர்களைத்
தங்குமிடம்வரை கொண்டுவிட்டார்களாம்.
ஒரு சொல்லுக்கு அத்தனை வெளிச்சம்.
சரி, இருக்கட்டும் என்று
பக்க எண் போட்டேன்.

ஆறாம் நாள் ஒரு படம்.
எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் துண்டு,
உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம்,
ஓரம் பிய்ந்தது.
பழுப்பு மையில் பத்து வரி.
மூன்றாம் நூற்றாண்டு என்று ஒருவர்,
இல்லை, வெகு பிந்தியது என்று இன்னொருவர்.
அடிக்குறிப்பில்
எட்டுப் பாயிண்ட் எழுத்தில் சண்டை.

புகழ்ச்சி கடைசியில்தான்,
அதுவும் அவசரமாய் இரண்டொரு சொல்.
மற்றதெல்லாம் பயம்.
படைக்குப் பயந்தார்களா, காய்ச்சலுக்கா,
வரி வசூலிக்க வந்தவனுக்கா,
அது பிய்ந்துபோன பக்கம் இருந்ததோ என்னவோ.

வெள்ளம் வந்த டிசம்பரில்
ஜாபர்கான்பேட்டை மொட்டைமாடியிலிருந்து,
செல்போனில் நாலு சதவீதம் சார்ஜ் இருக்கையில்
என் தங்கை கிரேஸ்லின் பேசியதும் அப்படித்தான்.
முதலில் தண்ணீர். பிறகும் தண்ணீர்.
துண்டிக்கப்போகும்போதுதான்
"நீ நல்லா இருக்கியாக்கா?"

ஆபத்திலிருந்து எங்களை மீட்டருளும்
என்பது பிரதரின் மொழிபெயர்ப்பு.
நான் அடித்திருந்தது: நம்மை.

மெய்ப்புப் பார்க்கையில்
அவர் பேனா அங்கே நின்றது.
"நம்மைன்னா அவங்களும் உள்ள வந்துடுவாங்களே, சலோமி.
கேக்குறது நாம,
அவங்க குடுக்குற இடத்துல இருக்கவங்க."
கிரேக்கத்தில் எப்படி என்றேன்.
கிரேக்கத்தில் ஒரே சொல்தானாம்.
எங்களுக்கும் நமக்கும் நடுவில்
அங்கே கதவே வைக்கவில்லையாம்.

ஜெராக்ஸ் மெஷின் சூடேறி நின்றிருந்தது.
ஓய்வுநாள் பாடசாலையில்
மத்தேயு இரண்டாம் அதிகாரம் ஒப்பித்து
சோப்புப்பெட்டி பரிசு வாங்கியவள் நான்.
ஏரோதின் ஆட்கள். ராத்திரி. கைப்பிள்ளை.
அவங்க ஓடிப்போன ஊரும்
எகிப்துதானே, பிரதர்?

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டீ வந்தது.
ஆடை கட்டும்வரை தொடவில்லை.
அந்த வரியை உதட்டுக்குள்ளேயே
இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார்,
செருப்புக்கடையில்
இரண்டு ஜோடியையும் போட்டுப் பார்ப்பதுபோல.

பிறகு நம்மையை அடித்து
எங்களை என்று எழுதினார்.
வழிகாட்டி கண்டிப்பானவராம்,
வைவாவில் கேள்வி வருமாம்.
சொன்னபடியே திருத்திக்கொடுத்தேன்.
நான்கு படி, கறுப்பு அட்டை, தங்க எழுத்து.
பத்து ரூபாய் அதிகம் வைத்துவிட்டுப் போனார்.

திருத்தாத அந்தப் பக்கம்
நாலாய் மடிந்து
என் மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில்.
தரை துடைக்கும்போதெல்லாம் ஈரம் படுகிறது.
நேற்றுப் பார்த்தேன்,
ஓரம் பிய்ந்திருக்கிறது.